வார்சாவில் அந்தக் கோபுரத்தைப் புகழ்வதற்கு முன்

தம்பி, வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஜன்னலில் தெரிந்த கோபுரத்தை "எவ்வளவு அழகு!" என்று சொன்னதாகவும், பக்கத்து இருக்கைப் பெரியவர் முகம் சுளித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்ன தவறு என்று கேட்கிறீர்கள். தவறு ஒன்றுமில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் சொன்னேன்.

அதன் பெயர் பண்பாட்டு, அறிவியல் மாளிகை. உயரம் 237 மீட்டர். 1952 முதல் 1955 வரை சோவியத் தொழிலாளர்கள் வந்து கட்டினார்கள். அன்பளிப்பு என்று பெயர். வேண்டாம் என்று சொல்ல முடியாத அன்பளிப்பு. 1944இல் தங்கள் ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சா மக்கள் நடத்திய எழுச்சியை அடக்கிய ஜெர்மானியர் ஊரையே தரைமட்டமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். குடியிருக்க வீடு கிடைக்காமல் மக்கள் அல்லாடிய காலத்தில், நடு ஊரில் ஸ்டாலின் பெயரோடு இது எழுந்தது. பெயரைப் பிறகு நீக்கிவிட்டார்கள். வெளிச்சுவரில் புத்தகம் ஏந்திய சிலை ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் பெயர்கள் அதில் இருக்கும், நான்காவதை அழித்திருப்பார்கள்.

ஊரில் ஒரு பழைய கேலி: வார்சா மிக அழகாகத் தெரிவது இதன் முப்பதாவது மாடியிலிருந்துதான், அங்கிருந்து மட்டும்தான் இது கண்ணில் படாது! போலந்தை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சி 1990 ஜனவரியில் தன்னைக் கலைத்துக்கொண்டதும் இதற்குள் இருக்கும் மாநாட்டு அரங்கில்தான்.

எனக்குப் பிடித்த கதை வேறு. நோவி ஷ்வியாத் தெரு முனையில் வெளிர்நிறப் பெருங்கட்டடம் ஒன்று இருக்கிறது. கட்சியின் மத்தியக் குழு இருந்த இடம். 1991 ஏப்ரலில் பங்குச் சந்தை அங்கேதான் தொடங்கியது! கதையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்பேன்.

அரச கோட்டையையும் பார்த்துவிடுங்கள். ஆனால் பழமை என்று உருகிவிடாதீர்கள். போரில் அழிந்ததை 1971க்குப் பிறகு மக்கள் நன்கொடையில் எழுப்பினார்கள். நான் அதற்கு மூத்தவன்.

மாளிகையை இடிக்க வேண்டும் என்பவர்கள் இன்றும் உண்டு. 2007இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியபோது எதிர்ப்பும் வந்தது. இளையவர்களோ அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே அந்தப் பெரியவரிடம் இனி கருத்துச் சொல்லாதீர்கள். அது எழுந்தபோது அவர் வீட்டார் எங்கே குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். மதிய உணவு இடைவேளை போதாது.

என் மகள் நீச்சல் பழகியது அந்த மாளிகைக்குள் இருக்கும் குளத்தில். அவளைக் கேட்டால், அது ஈரத் தலையோடு வெளியே வந்து டிராமுக்கு நிற்கும் இடம்.