வாடகை வீட்டுக் கேள்வி பதில்: படிக்கட்டுக்கு அடியில் ஆறு மீட்டர்

கேள்வி: அக்கா, ஜூன் 1-ஆம் தேதி பெங்களூரு எஜிபுராவில் புது வீட்டுக்குக் குடிவந்தோம். கட்டடத்தில் மொத்தம் ஆறு வீடு. ஓனர் மாதாமாதம் ஒரு துண்டுச் சீட்டில் யூனிட் எழுதித் தருகிறார். யூனிட்டுக்கு 10 ரூபாய். முதல் மாதமே 212 யூனிட் என்றார். நாங்கள் இரண்டே பேர், பகலில் வீட்டில் யாரும் இல்லை, ஏசியும் கிடையாது. வந்த அன்று மீட்டரில் என்ன இருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. இப்போது என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.
- எஜிபுரா வாசகி

பதில்: அந்த 212-ஐ மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை. சாவி வாங்கிய அன்றைக்கு ரீடிங் எழுதிவைக்காதவர் ஓனர் சொல்லும் கணக்கைத்தான் ஏற்க வேண்டியிருக்கும். அதனால் இன்றைக்கே ஒரு ரீடிங் எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் மீட்டர் எது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

முருகேஷ்பாளையாவில் நான் குடியிருந்த வீட்டிலும் படிக்கட்டுக்கு அடியில் ஆறு மீட்டர். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு பெயின்டில் வீட்டு எண். என்னுடையது 4. ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜைக் காலி செய்து, மெயினை அணைத்துவிட்டுப் போனேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் 4-ஆம் எண் மீட்டர் 41 யூனிட் ஓடியிருக்கிறது! மாடியில் இருந்த மூன்று பையன்களின் மீட்டர் அது. அவர்கள் வெந்நீர் போட்டுக் குளிக்க ஐந்து மாதமாக நான் பணம் கட்டியிருக்கிறேன். "பெயின்டர் மாத்தி எழுதிட்டான்மா" என்றார் ஓனர். அதிகமாகக் கட்டியதை வாடகையில் கழித்துக்கொண்டார், முகம்தான் அப்புறம் ரொம்ப நாள் சரியாக இல்லை.

நீங்கள் ஊருக்கெல்லாம் போக வேண்டாம். வீட்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீட்டர் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். '3200' என்று எழுதியிருந்தால், அது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். மேலே இன்னொருவர் மெயினை அணைக்கட்டும். எந்த விளக்கு நிற்கிறதோ அதுதான் உங்களுடையது. மெயினை அணைத்தபடியே ஓனரைச் சம்ப் மோட்டார் போடச் சொல்லுங்கள். உங்கள் விளக்கு மறுபடி மினுக்கினால், ஆறு வீட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றுகிற கரண்ட் உங்கள் கணக்கில் போகிறது. இதை மெதுவாக, காபி குடித்துக்கொண்டே கேளுங்கள், சண்டையாக வேண்டாம்.

அடுத்தது, ரீடிங் எடுக்கும் விதம். டிஜிட்டல் மீட்டரின் திரை மாறிக்கொண்டே இருக்கும்: தேதி வரும், மணி வரும், அதிகபட்ச லோடு வரும். முதல் தடவை நான் அக்கறையாகப் போட்டோ எடுத்து, வீட்டுக்குள் வந்து பார்த்தேன். அதில் இருந்தது மணி! 'கேடபிள்யூஎச்' என்று பக்கத்தில் காட்டும் எண்தான் யூனிட். அது வரும்வரை பட்டனை அழுத்துங்கள். மீட்டரின் சீரியல் எண்ணும் அதே போட்டோவில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் யார் வீட்டு மீட்டர் என்று யாருக்கும் தெரியாது. உடனே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாக விழுந்துவிடும். நான் கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டிலும் எழுதி, வாடகை கொடுக்கும்போது பக்கத்தில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுவேன். சிரிப்பார், ஆனால் போடுவார்.

எண்ணில் சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற எல்லாவற்றையும் அணைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, 2000 வாட் கீசரை மட்டும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு யூனிட் ஏற வேண்டும். ஒன்றரை ஏறினால் மீட்டரைப் பற்றிப் பேசலாம். கீசர் நடுவில் தானாக நின்றால் கணக்கு தப்பும், அதன் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 10 ரூபாய். உங்களுடையது பெங்களூரு மின்வாரியமான பெஸ்காம் வைத்த மீட்டரா, வீடுவீடாக அளக்க ஓனரே வைத்த சப்-மீட்டரா? பெஸ்காம் மீட்டர் என்றால் அதற்கென்று ஆர்ஆர் எண்ணோடு (மின் இணைப்பு எண்) தனி பில் வரும், துண்டுச் சீட்டுக்கே வேலை இல்லை. பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கன்னடத்தில் 'ஹிந்தின' என்றால் முந்தைய, 'இந்தின' என்றால் இன்றைய, ஒரு 'ஹ'தான் வித்தியாசம். இன்றைய ரீடிங்கில் முந்தையதைக் கழித்தால் உங்கள் யூனிட். அந்த எண்ணில் கிருஹ ஜோதி (வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசுத் திட்டம்) இருந்து, பில் பூஜ்யமாக வந்தும் உங்களிடம் 10 ரூபாய் வாங்கினால், அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

சப்-மீட்டர் என்றால் கட்டடத்துக்கு வரும் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுக்கச் சொல்லுங்கள். 300 யூனிட்டுக்கு 2,400 ரூபாய் வந்திருந்தால் யூனிட் 8 ரூபாய். நிரந்தரக் கட்டணமும் வரியும் அதிலேயே அடங்கிவிடும். ஆறு வீடும் ஒரே இணைப்பில் ஓடினால் கிருஹ ஜோதியை மறந்துவிடுங்கள், 200 யூனிட்டை அது எந்த மாதமும் தாண்டிவிடும்.

கேள்வி: அல்சூரில் இருந்து கே.ஆர். புரத்துக்கு வீடு மாறுகிறேன். கிருஹ ஜோதி பழைய வீட்டின் ஆர்ஆர் எண்ணில் என் ஆதாரோடு இருக்கிறது. அப்படியே விட்டால் என்ன?
- அல்சூர் வாசகர்

பதில்: விட்டால் புது வீட்டில் உங்களுக்குக் கிடைக்காது, ஒரு ஆதாருக்கு ஒரு இணைப்புதான். கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் பழைய எண்ணில் இருந்து பெயரை நீக்கிவிட்டு, புது ஆர்ஆர் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். காலி செய்யும் அன்று பொருளெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு கடைசி ரீடிங் எடுங்கள். அதை வைத்துக் கரண்ட் பாக்கியைக் கணக்குப் போட்டு, அட்வான்ஸில் பிடிக்கிற தொகையை ஓனரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.