ஆள் சேர்ப்பதற்கு முன்: காலனி கேம் கேள்வி-பதில்

ஒரு சிறு குடியிருப்பை நடத்தி வளர்க்கும் காலனி கேம்களில், மெனுவில் ஈஸி, ஹார்டு என்று தேர்ந்தெடுப்பதோடு சிரமம் முடிவாகிவிடாது. எத்தனை பேரை, எவ்வளவு வேகத்தில் சேர்க்கிறீர்கள் என்பதும் அதே அளவுக்குச் சிரமத்தைக் கூட்டும், குறைக்கும். பல ஊர்கள் கவிழ்வது இந்த இரண்டாவது கணக்கில்தான்.

பேனிஷ்டில் 100 பேர் வரை வளர்ந்த ஊர், கிடங்கில் உணவு இருந்தும் சில ஆண்டுகளில் பாதியாகிவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் வீடு கட்டுவதை நிறுத்தியதுதான் காரணம். இந்த கேமில் பிறப்பைத் தீர்மானிப்பது வீடு. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி வீடு கிடைத்தால்தான் ஜோடி சேர்ந்து குழந்தை பெறுவார்கள். இல்லாவிட்டால் பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள், குழந்தை பெறும் வயதும் கடந்துபோகும். ஆரம்பத்தில் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வீடு கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தத் தலைமுறை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வயதில் இருக்கும், சாவும் ஒரே காலத்தில் வரும். பிறகு காலியான வீடுகளில் இளம் ஜோடிகள் குடியேற, குழந்தைகள் குவிவார்கள். வேலை செய்ய ஆளில்லை, சாப்பிட மட்டும் வாய்கள். அடுத்தது பஞ்சம்.

ஆண்டுக்கு 1 அல்லது 2 வீடு, விடாமல் கட்டுங்கள். ஊர் பெரிதானால் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டலாம். ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 100 உணவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 100 பேருக்கு 10,000. அறுவடை முடிந்தபின் கையிருப்பு இதைத் தாண்டினால் வீடு கட்டலாம். குறைந்தால் அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் நிறுத்துங்கள், நாலைந்து ஆண்டுக்கு அல்ல.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தையும் கவனியுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பல ஆண்டு தாமதமாகத்தான் வேலைக்கு வருவார்கள். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில் அப்போது திறந்தால் வயல்கள் தரிசாகும். நாடோடிக் கூட்டத்தைச் சேர்த்து இந்த ஓட்டையை அடைக்கலாம் என்று தோன்றும். அவர்கள் படிக்காதவர்கள், நோயையும் கொண்டுவரக்கூடும். மருத்துவமனை இல்லாமல் சேர்க்க வேண்டாம்.

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடில் பிரிண்டிங் பாட் (புது ஆள்களை உருவாக்கும் இயந்திரம்) 3 சைக்கிளுக்கு (சைக்கிள் என்பது கேமில் ஒரு நாள்) ஒருமுறை ஆள் தருகிறது. எத்தனை பேரோடு நிறுத்துவது?

முதல் கட்டத்துக்கு 8. வழக்கமான அமைப்பில் ஒரு டூப்ளிகன்ட்டுக்கு (இந்த கேமில் ஆளின் பெயர்) நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜனும் சைக்கிளுக்கு 1,000 கிலோகலோரியும் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் ஒன்று நொடிக்கு 1 கிலோ தண்ணீரைக் குடித்து 888 கிராம் ஆக்சிஜன் தரும். எட்டுப் பேருக்கு 800 போக 88 மிச்சம். ஒன்பதாவது ஆள் வந்தால் இரண்டாவது மெஷின் வேண்டும், அதற்குத் தண்ணீர் ஊற்று வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குணங்களையும் படியுங்கள். வாயால் மூச்சு விடும் குணமுள்ளவர் கூடுதலாக 100 கிராம் இழுப்பார். எட்டில் ஒருவர் அப்படி இருந்தாலே தேவை 900, மெஷின் தருவது 888.

உணவுப் பக்கம் மீல்வுட் என்ற உணவுச் செடியை நட்டால் ஒருவருக்கு 5 செடி. எட்டுப் பேருக்கு 40 செடி, அவை சைக்கிளுக்கு 400 கிலோ மண்ணைத் தின்னும். பலர் சறுக்குவது வேறு இடத்தில். எலக்ட்ரோலைசரிலிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்தது 70 டிகிரிச் சூட்டில் இருக்கும், மீல்வுட்டோ 30 டிகிரியைத் தாண்டினால் வளர்வதை நிறுத்திவிடும். காற்று தாராளமாக இருக்க, சில சைக்கிள் கழித்து உணவுதான் தீரும். ஆக்சிஜன் குழாயை முதலில் குளிர்ந்த பகுதி வழியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள், தோட்டத்தைச் சுற்றி, சூட்டைத் தடுக்கும் இன்சுலேட்டட் டைல் போடுங்கள். அதுவரை பாட் தரும் ஆள்களை மறுத்துவிடலாம், அபராதம் எதுவும் கிடையாது.

ரிம்வேர்ல்டில் ஆள் கூடக்கூட ரெய்டும் (எதிரிகளின் தாக்குதல்) பெரிதாகிறது. ஆளே சேர்க்காமல் இருப்பது நல்லதா?

இல்லை. ரெய்டின் அளவு காலனியின் மொத்தச் சொத்து, ஆள் எண்ணிக்கை இரண்டையும் பொறுத்தது. கட்டடங்களின் மதிப்பில் பாதிதான் இந்தக் கணக்கில் சேரும், பொருள்கள் முழு மதிப்பில் சேரும். எனவே ஆபத்து, சண்டைக்கு உதவாத சொத்தில் இருக்கிறது: கிடங்கில் தூங்கும் தங்கம், விற்காத சிற்பங்கள், குவிந்த போதைப்பொருள். அவற்றை விற்று ஆயுதமும் கவசமும் வாங்குங்கள். சொத்து அதே அளவுதான் இருக்கும், ஆனால் அது உங்களுக்காகச் சண்டை போடும். துப்பாக்கி பிடிக்கக்கூடிய ஒரு ஆள், தன்னால் கூடும் ஆபத்தைவிட அதிகமாகவே திருப்பித் தருவார். சண்டையே போடாதவரைச் சேர்க்கும்போதுதான் யோசிக்க வேண்டும். டாக்டராகவோ நல்ல விவசாயியாகவோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டரி பக்கத்தில் சொத்து வரைபடம் இருக்கிறது. அது ஏறும் வேகத்தில் பாதுகாப்பும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பீவர்கள் ஊர் கட்டும் டிம்பர்பார்னில் வறட்சி தொடங்கியதும் குட்டிகள் பிறந்து தண்ணீர் தீர்கிறது.

இந்த கேமில் ஃபோக்டெய்ல்ஸ், அயர்ன் டீத் என்று இரண்டு பீவர் இனங்கள். ஃபோக்டெய்ல்ஸ் என்றால் வீட்டில் இடம் காலியாக இருக்கும்வரை குட்டி பிறக்கும். வறட்சிக்கு முன் புது வீடு கட்டாதீர்கள். இந்த விஷயத்தில் அயர்ன் டீத் எளிது: இனப்பெருக்கத் தொட்டியை இடைநிறுத்தினால் போதும்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் கூட்டம் அதிகமாகி கேம் ஊர்கிறது. வரம்பை எப்படி வைப்பது?

வழக்கமான வரம்பு 200. பழைய பதிப்பில் டி-இனிட் (d_init) என்ற அமைப்புக் கோப்பிலும் ஸ்டீம் பதிப்பில் செட்டிங்ஸிலும் மாற்றலாம். நிதானமாக ஆட 80 முதல் 100 போதும். முதல் இரண்டு குடியேற்ற அலைகள் இந்த வரம்பை மதிக்காமல் வந்துவிடும், பதற வேண்டாம். பிறப்பையும் தடுக்க வேண்டுமானால் தனியாக உள்ள கண்டிப்பான வரம்பையும் குழந்தை வரம்பையும் சேர்த்தே குறையுங்கள்.