கஞ்சா: எத்தனை கிராம், யார் முன்னால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்துவது பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் போர்ச்சுகலைக் காட்டுகிறார், அடுத்தவர் ஓரிகனைக் காட்டுகிறார். போர்ச்சுகலில் இருபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் ஏற்பாடு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லையே, ஏன்? கனடாவில் கடை வைத்தே விற்கிறார்கள். தாய்லாந்து திறந்துவிட்டுப் பின்வாங்கியது. எல்லாமே செய்திகளில் ‘கஞ்சா சட்டப்பூர்வமானது’ என்ற ஒரே வரியாக வருகின்றன. ஒரு நாடு இதில் இறங்குவதென்றால் சட்டத்தில் முதலில் எதை எழுதவேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் நான்கு இடங்களிலும் நடந்தவை நான்கு வெவ்வேறு காரியங்கள். முதலில் ஒரு திருத்தம்: ஓரிகனில் கஞ்சாக் கடைகள் மூடப்படவில்லை. அங்கே வயது வந்தவர்கள் கஞ்சா வைத்திருப்பது 2015 முதல் சட்டப்படி சரி, இன்றும் அப்படித்தான். திரும்பப் பெறப்பட்டது வேறொன்று. ஹெராயின், மெத், மிகக் கொஞ்சமே உயிரைப் பறிக்கக்கூடிய ஃபென்டனில் போன்ற கடும் போதைப்பொருள்களைச் சிறிதளவு கையில் வைத்திருந்தால் சிறை இல்லை என்று 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 110ஆம் எண் தீர்மானம் அது. 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் அவற்றை வைத்திருப்பது மறுபடியும் குற்றம்.

போர்ச்சுகலும் எதையும் விற்பனைக்குத் திறந்துவிடவில்லை. விற்றால் அங்கே இன்றும் சிறைதான். 2001 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் செய்தது இவ்வளவே: ஒருவர் தன் பயன்பாட்டுக்காகப் பத்து நாளுக்கான அளவு வரை வைத்திருந்தால், அது குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகாது. அந்தப் பத்து நாளை கிராமாகவும் எழுதி வைத்தார்கள். கஞ்சா இலை 25 கிராம், கஞ்சாப் பிசின் 5 கிராம், கொக்கெய்ன் 2 கிராம், ஹெராயின் 1 கிராம்.

பிடிபட்டால் காவலர் பொருளைப் பறிமுதல் செய்து, 72 மணி நேரத்துக்குள் ஒரு குழுவின் முன் போகச் சொல்கிறார். குழுவில் மூன்று பேர். சட்டம் தெரிந்தவர், மருத்துவமோ உளவியலோ படித்தவர், சமூகப் பணியாளர் என்று கலந்திருப்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது, இவர் அடிமைப்பட்டவரா, எப்போதாவது தொடுபவரா என்பதைத்தான். எப்போதாவது தொடுபவர் முதன்முறை வந்திருந்தால் நடவடிக்கையை நிறுத்தி வைக்கிறார்கள். அடிமைப்பட்டவர் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாலும் அப்படியே. அடிமைப்பட்டவருக்குப் பண அபராதம் விதிக்கக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. அந்த ஒரு விதிக்காகவே அதை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அபராதம் கட்டப் பணம் தேடும் ஒருவர் எங்கே போவார் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

இதை ஓரிகனோடு வைத்துப் பாருங்கள். அந்தத் தீர்மானம் நடப்பில் இருந்தபோது அங்கே காவலர் 100 டாலர் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அதில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அழைத்து உடல்நலப் பரிசோதனைக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அபராதம் தள்ளுபடி. அழைக்காமல், பணமும் கட்டாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. சீட்டு வாங்கியவர்களில் மிகச் சிலரே அழைத்தார்கள். எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லை என்பதுதான் பெரிய ஓட்டை. கஞ்சா வரியிலிருந்து சிகிச்சை மையங்களுக்குத் தரவேண்டிய பணமும் காலம் தாழ்ந்தே போய்ச் சேர்ந்தது. கைது நின்றுவிட்டது, ஆனால் படுக்கையும் மருத்துவரும் வரவில்லை. அதே ஆண்டுகளில் ஃபென்டனில் தெருவுக்கு வந்துவிட்டது. போர்ச்சுகலிலோ ஊசி மாற்றுத் திட்டம் 1993 முதலே மருந்துக்கடைகள் வழியாக நடந்துகொண்டிருந்தது. ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் தரும் மெத்தடோன் என்ற மருந்துச் சிகிச்சையும் இருந்தது. சட்டம் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. வரிசை முக்கியம்: முதலில் சிகிச்சை, பிறகு சட்டத் தேதி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் எழுதவேண்டியது கிராம். எண் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் சாட்சி. 2006இல் அங்கே பயன்படுத்துபவருக்குச் சிறை இல்லை, விற்பவருக்குக் கடுந்தண்டனை என்று சட்டம் வந்தது. யார் பயன்படுத்துபவர், யார் விற்பவர் என்று எல்லை வகுக்கவில்லை. சூழ்நிலையைப் பார்த்து முடிவுசெய்யலாம் என்றது. ‘சூழ்நிலை’ என்பது பிடிபட்டவர் எந்தத் தெருவில் நின்றார், என்ன நிறம் என்பதாக ஆயிற்று. ஒரே அளவு பொட்டலத்துக்கு வசதியானவர் வீட்டுக்கும், ஏழைக் கறுப்பின இளைஞன் சிறைக்கும் போனார்கள். 2024 ஜூனில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 40 கிராம் அல்லது ஆறு பெண் செடிகள் வரை சொந்தப் பயன்பாடு என்று கருதவேண்டும் என எண் கொடுத்தது. பதினெட்டு ஆண்டுகள்.

எண்ணை மிகக் குறைவாக எழுதினாலும் அதே கதிதான். மெக்சிகோ 2009இல் கஞ்சா 5 கிராம், கொக்கெய்ன் அரை கிராம், ஹெராயின் 50 மில்லிகிராம் என்று வகுத்தது. கொக்கெய்ன் தெருவில் கிராம் கணக்கில் கைமாறும்போது, ஒரே ஒரு முறை வாங்கியவரும் எல்லையைத் தாண்டியவர் ஆகிறார். ஆகவே மக்கள் ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டறிந்து, அதற்கு மேலே கோடு போடவேண்டும்.

எதை எடைபோடுவது என்பதும் சட்டத்தில் இருக்கவேண்டும். பறித்த ஈரப் பூ காயும்போது எடையில் முக்கால் பங்கை இழக்கும். கஞ்சா கலந்த பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும் எடையில் சேருமா? கனடா இதை ஒரு பட்டியலாகவே போட்டுவிட்டது. ஒரு கிராம் உலர்ந்த கஞ்சாவுக்குச் சமம்: ஈரக் கஞ்சா 5 கிராம், திடத் தின்பண்டம் 15 கிராம், பானம் 570 கிராம், அடர்சாறு கால் கிராம், விதை என்றால் ஒன்று. பொது இடத்தில் உச்சவரம்பு 30 கிராம். இந்தப் பட்டியல் இல்லாத ஊரில் ஒரு டின் பானம் வைத்திருப்பவர் வியாபாரி ஆகிவிடுவார்.

விற்பனையைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகு வரும் தனி முடிவு. அதை அவசரமாகச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுச் சட்டம் இல்லாமலே. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ விற்கலாம் என்று ஆணை வந்தது.

வரியில் கனடா செய்த பிழை கவனிக்கத்தக்கது. கிராமுக்கு ஒரு டாலர், அல்லது உற்பத்தியாளர் விலையில் பத்து சதவீதம், எது அதிகமோ அது. கிராம் 10 டாலருக்குப் போனால் இரண்டும் ஒன்றே. போட்டியில் விலை சரிந்து 3 டாலரானால் அந்த ஒரு டாலர் மூன்றில் ஒரு பங்கு. பல உற்பத்தியாளர்கள் வரி பாக்கி வைத்தார்கள். கள்ளச்சந்தைக்காரருக்கு அந்த டாலர் கிடையாது. எடைக்கு வரி போட்டால் இன்னொரு தீங்கும் உண்டு: அதே எடையில் வீரியத்தைக் கூட்டத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.ஹெச்.சி. அளவுக்கேற்ப வரி உயர்வதே மேல். வீரியம் மிக்க கஞ்சாவை அன்றாடம் புகைப்பவர்களிடம் மனப்பிறழ்வு அதிகம் காணப்படுவதால் இதை விடாப்பிடியாகச் சொல்கிறேன்.

தின்பண்டங்களில் தவறுவது வேறு விதம். புகை சில நிமிடங்களில் ஏறும். தின்றது ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டைத் தின்பவர்கள் மருத்துவமனையில் போய் நிற்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014இல் விற்பனை தொடங்கியபோது, ஒரே பண்டத்தில் 100 மில்லிகிராம் வரை டி.ஹெச்.சி. இருந்தது. 10 மில்லிகிராம் எங்கே முடிகிறது என்று கண்ணால் தெரியாது. பிறகுதான் பிரித்துக் காட்டும் விதி வந்தது. கனடா முழுப் பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம் என்று கட்டியது. நான் கனடாவின் பக்கம்.

கடைசியாக, பலரும் மறக்கும் விதி: பழைய வழக்குகள். கனடா 2019இல் சிறு கஞ்சாக் குற்றப் பதிவுகளை இலவசமாக ஒதுக்கிவைக்கலாம் என்றது, ஆனால் விண்ணப்பிக்கவேண்டும். கைரேகை, நீதிமன்ற நகல், காவல்துறைச் சான்று எல்லாம் அவரவரே தேடவேண்டும். பலன் பெற்றவர்கள் சில நூறு பேர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 30 கிராம் வரையிலான கைதுப் பதிவுகளை அரசே தேடி அழிக்கவேண்டும் என்று எழுதியது. பதிவை எழுதியது அரசு, அழிக்க அலையவேண்டியதும் அரசுதான். இந்த விதி வேலை தேடும் ஒருவருக்கு நாளைக்கே பயன்படும். ஆகவே சட்ட வரைவில் இதை இணைப்பாகப் போடாமல், கிராம் பட்டியலுக்கு அடுத்த பிரிவாகவே எழுதச் சொல்வேன்.

அன்புடன்