ஓட்டோமெட்டிக் கார்கள் இவ்வளவு வந்த பிறகும் சிலர் ஏன் கியர் காரை விடமாட்டேன் என்கிறார்கள்?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் வாசித்தேன். கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் கடுக்க வீடு வருவதில் என்ன இன்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் பழைய கியர் காரை விற்கமாட்டேன் என்று நிற்கிறார் போலிருக்கிறது, கணவரோ அப்பாவோ தெரியாது. அவருக்காகவும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் அப்படி நிற்கும் ஆள் நான்.

முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஓட்டோமெட்டிக் கார், அதாவது ஓட்டோ, ஓடுகிறவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. என் சின்னம்மா முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஓட்டோ காரில்தான் கோயிலுக்கும் கடைக்கும் போய் வருகிறார். அது இல்லையென்றால் வீட்டோடு முடங்கியிருப்பார். உடம்பு கேட்டால் ஓட்டோ எடுங்கள், அதில் விவாதமே இல்லை.

நான் இருப்பது வெள்ளவத்தையில். ஓடுவது அப்பா விட்டுப்போன நிஸான் சனி (Sunny) கார், எஃப்.பி. 15 மொடல், ஐந்து கியர். அப்பா என்னை டிரைவிங் பழகப் பதியக் கூட்டிக்கொண்டு போனபோது மேசையில் இருந்தவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "மகளுக்குத்தானே? அப்ப ஓட்டோ" என்று அவரே படிவத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். எனக்கு முன்னால் பதிந்த பெடியனிடம் அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை. "அதை வெட்டிப்போட்டு கியர் என்று எழுதுங்கோ" என்றார் அப்பா. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் இன்றைக்கும் கராஜிலும் கலியாண வீட்டு வாசலிலும் "நீங்களா கியர் கார் ஓடுறது?" என்று கேட்க ஒருவர் இருக்கிறார்.

பழக்கியதும் அப்பாதான். எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலிருந்து ஏறும் சரிவு செங்குத்தானது. ஏறி முடிகிற இடத்திலேயே ஒழுங்கை, எப்போதும் ஆட்கள் நடப்பார்கள். காவலாளி கை காட்டும்வரை சரிவின் நடுவில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் அப்பா ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, "காலைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள்" என்பார். ஹாண்ட் பிரேக் மேலே, முதலாம் கியர், கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டு வர ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தணியும், பொனெட் ஒரு விரற்கடை உயரும், சீட்டுக்குள்ளால் ஒரு நடுக்கம் வரும். எஞ்சினைச் சக்கரங்களோடு சேர்க்கும் கிளட்ச் பிளேட் பிடித்துவிட்டது. அப்போது ஹாண்ட் பிரேக்கை விட்டால் கார் ஓர் அங்குலமும் பின்னால் போகாது. அந்த இடம் காருக்குக் கார் வேறு, பிளேட் தேயத் தேய அதே காரிலும் மாறும். அதைக் கால் கண்டுபிடிக்கிற நாளிலிருந்து எஞ்சின் என்ன செய்கிறது என்பது உங்கள் உடம்புக்குத் தெரியத் தொடங்குகிறது. பாசம் அங்கேதான் தொடங்குகிறது. கியர் படிகளே இல்லாத சி.வி.டி. ஓட்டோ காரிலும், மின் மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட்டிலும் மிதித்தால் சத்தம் ஏறுகிறது, கார் போகிறது, நடுவில் நடப்பது எதிலும் எனக்குப் பங்கில்லை.

மலைநாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாக இறங்கும்போது வளைவுக்கு முன்னரே இரண்டாம் கியருக்கு வந்துவிட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை இலேசாகத் தொட்டால் போதும். ஓட்டோவிலும் இப்படி எஞ்சினால் பிடிக்க 'எல்' (L) இருக்கிறது, ஹைபிரிட்டில் 'பி' (B) இருக்கிறது என்று எழுத வருவீர்கள். இருக்கிறது, தெரியும். ஆனால் வழமையாக ஓடும் 'டி' (D) நிலையில் போட்டபடியே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, கருகல் மணத்தோடு ஓரங்கட்டி நிற்கும் வாகனங்களை அந்தப் பாதையில் நான் கண்டிருக்கிறேன். கியர் கார் ஓடுகிறவருக்கு அந்த நினைப்பு கையிலேயே இருக்கிறது.

சரி, கொழும்புக் கதைக்கு வருகிறேன். 2022 பெற்றோல் வரிசை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூலைக் கடைசியில் கியூஆர் கோட் வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆன பிறகு ஓரளவு மூச்சு வந்தது. அதற்கு முதல் நாங்கள் இரவிரவாகக் காருக்குள் கிடந்தவர்கள். வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற கார், பட்டரி செத்துப்போயிருந்தது. பெற்றோல் பவுசர் வந்துவிட்டது என்று வரிசை நகரத் தொடங்கியபோது சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டு வெளிச்சம் மங்கி, ஸ்டார்ட்டர் டக் டக் என்றதோடு சரி. பக்கத்தில் திரீவீலரோடு நின்ற பெடியன்கள் ஓடி வந்து, "அக்கே, தல்லு கரமுத?" (அக்கா, தள்ளுவோமா?) என்று சிங்களத்தில் கேட்டார்கள். கிளட்சை அடிவரை மிதித்து இரண்டாம் கியரில் போட்டுக்கொண்டு இருந்தேன். எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. கார் உருண்டு வேகம் எடுத்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டேன். ஒரு குலுக்கல், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெடியன்கள் கை தட்டினார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு ஐயா பிரியஸ் ஹைபிரிட் காரோடு நின்றார். அவருக்கும் சின்னப் பட்டரி இறங்கிவிட்டது. அந்தக் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வழியில்லை, பட்டரி இல்லாமல் பார்க்கிலிருந்து எடுக்கவும் முடியாது. ஜம்பர் வயர் தேடிக் கிடைக்கும்வரை வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு போனது. பாவம், அவருடைய பிழை ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு, "அப்ப ஓட்டோ" என்று எழுதத் தொடங்கிய அந்தப் பதிவு மேசைதான் ஞாபகம் வந்தது.

"இந்தக் காலத்து ஓட்டோ மனிதக் கையைவிட வேகமாகக் கியர் மாற்றுமே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். போர்ஷே 2013இல் விட்ட 911 ஜீடி3 ஸ்போர்ட்ஸ் காரில் மெனுவலே, அதாவது கையால் மாற்றும் கியரே, இல்லை, பி.டி.கே. என்ற அவர்களுடைய ஓட்டோ கியர்பொக்ஸ் மட்டும். கடிகாரத்துக்கு அதுதான் வேகம் என்பதை யாரும் மறுக்கவில்லை, ஆனாலும் கார்ப் பிரியர்கள் கேட்பதை விடவில்லை. 2016இல் கியர் தடியுடன் 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தார்கள், 2017இல் ஜீடி3யிலேயே மெனுவல் திரும்பி வந்தது. 2019இல் ஓட்டோவுடன் மட்டும் வந்த டொயோட்டா சுப்ராவுக்கும் 2022இல் ஆறு கியர் மெனுவல் சேர்த்தார்கள். ஓடுகிறவர்கள் கேட்டது வேகத்தை அல்ல என்பது அந்தக் கம்பனிகளுக்கே விளங்கியிருக்கிறது.

    

பழைய காரை விற்றுவிட்டுப் புதிது எடுப்பதும் இலேசான காரியம் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, வருவதிலும் பெரும்பாலும் ஓட்டோதான். நல்ல கியர் கார் ஒன்று வீட்டில் நின்றால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

கால் கடுக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ள கிளட்ச் அவ்வளவு பாரமாக இருக்காது. கிளட்ச் கேபிள் காய்ந்திருக்கலாம், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் தேய்ந்திருக்கலாம். முன்னுக்கு ஆள் இல்லாத வெட்டையில் ஹாண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கொஞ்சம் அக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் பிளேட் சரி, கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். நிற்காமல் இரைந்தால் பிளேட் வழுக்குகிறது. அப்படியென்றால் கிளட்ச் பிளேட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பெயரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், கியர்பொக்ஸ் இறக்குகிற கூலி இரண்டு தரம் போகாது.