ஸ்கூபா சாமானுக்கு எந்தப் பை?

கேள்வி: அந்தமானில் ஸ்கூபா டைவிங் போகிறேன். சாமான்களுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: கெட்டிப் பெட்டி வேண்டவே வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் செக்-இன் சாமானுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. கெட்டிப் பெட்டி காலியாகவே நாலைந்து கிலோவைத் தின்றுவிடும். சக்கரம் வைத்த துணிப் பைதான் சரி. கடைக்கு ஃபின்ஸையும் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) கொண்டுபோய் உள்ளே படுக்கவைத்துப் பாருங்கள். வளைத்துத் திணித்தால்தான் நுழையும் என்றால் அந்தப் பையை விட்டுவிடுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். தண்ணீருக்கடியில் உங்கள் மூச்சே அதுதான். டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கையோடுதான் வர வேண்டும். கத்தி செக்-இன் பையில். காற்றுச் சிலிண்டர், மூழ்க உதவும் ஈயக்கட்டி எல்லாம் அந்தமானிலேயே கிடைக்கும். அப்புறம், கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது கழித்து விமானம் ஏறுங்கள். அதற்குள் டைவிங் உடையை நிழலில் உலர்த்திவிடுங்கள், ஈரமும் எடைதான்.