காலிங்வுட்–கார்ல்டன் ஆட்டம் நம்ம இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் மாதிரியா?

கேள்வி: மெல்போர்னில் காலிங்வுட்–கார்ல்டன் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ரசிகர்கள் எப்படி இருப்பார்கள்? கிரிக்கெட்டில் இந்தியா–பாகிஸ்தான் மோதுவதற்கு முன் இருக்கும் பரபரப்பு போலவா?

இல்லை. இரண்டையும் ஒரே மைதானத்தில், இரண்டே மாத இடைவெளியில் நேரில் பார்த்தவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

2022 அக்டோபர் 23 அன்று எம்.சி.ஜி.யில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) கோலி ஆட்டமிழக்காமல் 82 அடித்தாரே, அந்த டி20 ஆட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் 90,293. முடிந்தபோது தொண்டை போயிருந்தது, அவ்வளவுதான். தோற்றிருந்தாலும் மறுநாள் காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்க என் அலுவலகத்தில் ஒரு பாகிஸ்தான்காரர்கூடக் கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே மைதானத்தில் கார்ல்டன் காலிங்வுட்டிடம் தோற்றது. மறுநாள் சிரித்தவர்கள்: என் மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர், ரயில் நிலையக் காபிக் கடைப் பெண், போதாக்குறைக்கு என் சொந்த மகன்.

அதனால் இங்கே ஒரு வாரம் முழுக்க ரசிகன் யோசிப்பது ஆட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. திங்கட்கிழமை எந்த முகத்தோடு வெளியே போவது என்பதையும் சேர்த்துத்தான்.

ஃபுட்டி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிய நீள்வட்டத் திடல், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், கையில் வைத்து முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக்கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே போனால் 1. அந்த ஒரு புள்ளிதான் பின்னால் கதையில் வந்து கழுத்தை அறுக்கப் போகிறது. உதைத்து வரும் பந்தை அந்தரத்தில் பிடித்தால் அதற்குப் பெயர் மார்க். அதற்காக எதிராளியின் முதுகில் ஏறினாலும் தப்பில்லை.

நான் கார்ல்டன் பக்கம் வந்தது என் தேர்வு இல்லை. 2009-ல் வந்து இறங்கியபோது ரெசர்வார் என்ற வடக்குப் புறநகரில், ஒரு இத்தாலியப் பாட்டியின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். இரண்டாம் நாளே "நீ யாருக்கு பேரக் பண்ணுகிறாய்?" என்று கேட்டார். எந்த அணியின் ரசிகன் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு அதுதான். யாருக்கும் இல்லை என்றேன். சாப்பிடவில்லை என்று சொன்னவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கருநீல ஸ்கார்ஃப் கொண்டுவந்து கழுத்தில் சுற்றிவிட்டார். எல்லோரும் அவரை நோன்னா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அந்த ஸ்கார்ஃப் இன்னும் இருக்கிறது. அதைத் துவைப்பதில்லை என்பதில் மட்டும் என் மனைவிக்கு வருத்தம்.

இந்தப் பகை எங்கிருந்து வந்தது? இரண்டும் அடுத்தடுத்த பேட்டைகள். நடுவில் ஃபிட்ஸ்ராய் மட்டும். நிக்கல்சன் தெருவைத் தாண்டி நடக்க ஆரம்பித்தால் அரை மணிக்குள் ஸ்மித் தெருவைக் கடந்து காலிங்வுட்டில் நிற்கலாம். (ஃபிட்ஸ்ராய்க்கும் ஓர் அணி இருந்தது. 1996 கடைசியில் அது பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. அது தனிச் சோகம்.) கார்ல்டன் 1864-ல் தொடங்கியது, காலிங்வுட் 1892-ல். காலிங்வுட் என்றால் செருப்புத் தொழிற்சாலை, கூலிக்காரர்கள், ஏழைப் பேட்டை. கார்ல்டன் என்றால் கோட்டு போட்டவர்கள் கட்சி. பிரதமராக இருந்த ராபர்ட் மென்சிஸ் கார்ல்டன் ரசிகர். முதுமையில் அவர் காரில் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்க்க பிரின்சஸ் பார்க் மைதானத்தில் சாய்தளமே கட்டிக்கொடுத்தார்கள். இந்தக் கதையை எந்தக் காலிங்வுட்காரரிடமும் நீங்கள் தொடங்க வேண்டியதில்லை. அவர்களே தொடங்குவார்கள்.

இன்றைக்கு இந்த வர்க்கக் கதையெல்லாம் பாதி பாவனைதான். காலிங்வுட்டில் இப்போது ஒரு சின்ன வீடு வாங்க எனக்கு வக்கில்லை. எங்கள் நோன்னாவோ வாழ்நாள் முழுக்கத் தையல் ஆலையில் வேலை செய்தவர், கார்ல்டன். ஆனாலும் பாவனையை யாரும் விடத் தயாராக இல்லை.

இரண்டு அணியும் ஆளுக்கு 16 கோப்பை. எங்கள் கடைசிக் கோப்பை 1995, அவர்களுடையது 2023. இந்த வாரம் முழுக்க இந்த இரண்டு வருடங்களும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பதிலுக்கு நாங்கள் சொல்வது ஒரே வருடம்: 1970.

அது எங்கள் இரண்டு அணியும் மோதிய கிராண்ட் ஃபைனல், கோப்பைக்கான இறுதி ஆட்டம். எம்.சி.ஜி.யில் அன்று 121,696 பேர். அதற்குப் பிறகு இந்த விளையாட்டில் அவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. அதற்குள் எங்கள் ஜெசலென்கோ காலிங்வுட்டின் ஜென்கினின் தோளுக்கு மேலே எழும்பி ஒரு மார்க் பிடித்திருந்தார். இன்றும் ஃபுட்டி என்றாலே காட்டும் படம் அதுதான். ஆனால் அந்த நேரத்தில் அது வெறும் ஆறுதல். இடைவேளையில் எங்கள் பயிற்சியாளர் பராசி, நின்று யோசிக்காதே, பந்தை முஷ்டியால் குத்தி அனுப்பிவிட்டு ஓடு என்று அடித்துச் சொன்னாராம். வெளியே உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸை உள்ளே இறக்கினார். அந்த ஆள் நான்கு கோல் போட்டார். கார்ல்டன் 10 புள்ளியில் ஜெயித்தது.

நோன்னாவின் கணவர் அன்று மைதானத்தில் இருந்தார். இருந்தார் என்றால், பாதிவரை. 44 புள்ளியைப் பார்த்ததும் எழுந்து கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோ கத்தியிருக்கிறது. அவர் இறக்கும்வரை அந்த மதியத்தைப் பற்றிக் கேட்டால் "ஆமாம், போயிருந்தேன்" என்று மட்டும் சொல்வாராம். சமையலறைச் சுவரில் ஜெசலென்கோ படம் மாட்டியிருந்தது. யாராவது வந்து அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் மெல்லத் தோட்டத்துக்கு நழுவிவிடுவாராம்.

என்னைக் கேட்டால் இந்த ஒரு மதியம் இரண்டு கூட்டத்தின் குணத்தையும் தீர்மானித்துவிட்டது. கார்ல்டன்காரன் ஏழு கோல் பின்தங்கினாலும் எழுந்திருக்க மாட்டான். காலிங்வுட்காரன் ஏழு கோல் முன்னால் இருந்தாலும் சாய்ந்து உட்கார மாட்டான். போன முறை என் மேலாளர் அணி நாற்பது புள்ளி முன்னால் இருந்தபோதும் கையில் வாங்கிய மீட் பையை (இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) கடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார். 1958-க்கும் 1990-க்கும் நடுவில் ஒரு கோப்பைகூட இல்லாமல் எட்டு கிராண்ட் ஃபைனல் தோற்ற ஊர் அது. அதில் மூன்று எங்களிடம்: 1970, 1979, 1981. அதிலும் 79-ல் வெறும் 5 புள்ளி. எங்கள் ஹார்ம்ஸ் எல்லைக்கோட்டில் பாய்ந்து தட்டிவிட்ட பந்தை ஷெல்டன் கோல் போட்டார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று என் பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் சத்தியம் செய்வார். வேலி ஓரத்தில் நின்று, காலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார்.

சரி, நாங்களும் பட்டிருக்கிறோம். நான் சொன்ன அந்த 2022 ஆகஸ்ட். லீக் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால், ஏன், சமன் செய்தாலே நாங்கள் இறுதிச் சுற்றுகளுக்குள் போய்விடுவோம். அதற்கு முந்தைய வாரம் மெல்போர்ன் அணியிடம் 5 புள்ளியில் தோற்றிருந்தோம். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது முன்னிலை எங்களுடையது. பிறகு காலிங்வுட்டின் ஜேமி எலியட் ஒரு கோல் போட்டார். முடிவு 75–74. ஒரே ஒரு புள்ளி. கம்பத்தை உரசிப் போனால்கூடக் கிடைக்கும் புள்ளி. என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. அந்த வருடம்தான் அறிமுகமான நிக் டேக்கோஸைப் பார்த்து மயங்கி, மார்ச் மாதமே காலிங்வுட்டுக்குக் கட்சி மாறியிருந்தான். ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்ததும் துள்ளிக் குதித்தான், பிறகு என்னைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். "சாரி அப்பா" என்றான். அது என்னை இன்னும் மோசமாக்கியது.

இங்கே மைதானத்தில் இரண்டு அணி ரசிகர்களும் கலந்துதான் உட்காருவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கொடி ஆட்டும் கூட்டத்துக்குத் தனி இடம் உண்டு, உறுப்பினர்களுக்கு உண்டு. மற்றபடி உங்களுக்கு இடப்பக்கம் கருநீலம், வலப்பக்கம் கறுப்பு-வெள்ளை. ஐரோப்பியக் கால்பந்து பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயம். போலீஸ் வரிசை இல்லை, நடுவில் கம்பிவேலி இல்லை. வாய் மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் அம்பயர் மேல்தான் பாயும்.

எதிர்பார்ப்பு என்று கேட்டீர்களே, நான் பார்த்ததிலேயே பெரியது நடக்காத ஓர் ஆட்டத்துக்கானது. 2023 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. காலிங்வுட் ஒரு புள்ளியில் சிட்னியின் ஜி.டபிள்யூ.எஸ். அணியை வென்று கிராண்ட் ஃபைனலுக்குப் போய்விட்டது. மறுநாள் மாலை பிரிஸ்பேனில் எங்கள் அரையிறுதி. ஜெயித்தால் 1981-க்குப் பிறகு முதல்முறையாகக் காலிங்வுட்–கார்ல்டன் கிராண்ட் ஃபைனல். அன்று காலையில் ரெசர்வார் கடைத்தெருவில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மேலாளர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "நீங்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பகையால் இல்லை, பயத்தால்." மாலையில் முதல் ஐந்து கோலும் எங்களுடையவை. மகன் முகம் வெளிறிவிட்டது. பிறகு பிரிஸ்பேன் விழித்துக்கொண்டது. 16 புள்ளியில் போயிற்று. அடுத்த வாரம் காலிங்வுட் பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்று கோப்பை வாங்கியது. அந்த ஆட்டத்தை நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன்.

இதை எழுதுவது புதன்கிழமை இரவு. ஆட்டம் வெள்ளி இரவு. திங்களன்று அலுவலக டிப்பிங் பட்டியலில் (யார் ஜெயிப்பார் என்று ஊகித்துப் புள்ளி சேர்க்கும் போட்டி) நான் காலிங்வுட் ஜெயிக்கும் என்று போட்டேன். தோற்றாலும் ஒரு புள்ளியாவது மிஞ்சுமே என்ற கணக்கு. அது எப்படியோ மகனுக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கே நம்பிக்கை இல்லையாப்பா?" என்று இரண்டு நாளாகக் கேட்கிறான். செவ்வாய் இரவு மாற்றிப் போட்டேன். இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாளை மாலை அணிப் பட்டியல் வரும். எங்கள் ஆட்டக்காரர் கிரிப்ஸுக்குத் தசைப்பிடிப்பு என்று அலுவலகத்தில் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு உண்மையா பொய்யா என்று அப்போது தெரிந்துவிடும். காலிங்வுட்காரர்கள் கிளப்பியது என்றுதான் நினைக்கிறேன்.

நோன்னாவுக்கு இப்போது தொண்ணூறு, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நேற்று போன் செய்தார். எந்தப் பக்கம் உட்காருகிறாய், மழை வருமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வழக்கம் போல, "பாதியில் எழுந்து வந்துவிடாதே" என்றார்.

வெள்ளி மாலை நானும் மகனும் ஒரே ரயிலில்தான் போக வேண்டும். ரெசர்வாரிலிருந்து எம்.சி.ஜி. போகும் அந்தத் தடம் விக்டோரியா பார்க், காலிங்வுட் என்று அவர்களுடைய பழைய மைதானத்தை ஒட்டியே போகும், என் விதி. விக்டோரியா பார்க்கில் கதவு திறக்கும்போது அவன் எழுந்து நின்று ஸ்கார்ஃபைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான், பெட்டியில் பாதிப் பேர் கத்துவார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே வேறு பக்கம் பார்ப்பேன். ஜோலிமாண்டில் இறங்கியதும் அவனுக்கு மீட் பை வாங்கிக்கொடுக்க வேண்டும், அதற்கும் என் காசுதான்.