உமிரி முளைத்த இடத்தில் கன்று நடலாமா?

கேள்வி: முத்துப்பேட்டை அருகே எங்கள் ஊரையொட்டிய அலையாத்திக் காட்டில், 2018 கஜா புயலுக்குப் பிறகு ஒரு பகுதி மரங்கள் பட்டுப்போயின. இப்போது அங்கே உமிரி என்கிற உப்புநிலச் செடிதான் படர்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுச் சுரபுன்னை என்கிற அலையாத்தி மரக்கன்றை நட்டுத் தருவதாக ஒருவர் ஊர்ப் பணத்தைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

உமிரி உங்கள் மரங்களைக் கொல்லவில்லை. மரம் பட்டதும் நிழல் போகிறது, வேர் மக்கி மண் உட்காருகிறது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் வெயிலில் வற்றுகிறது, உப்பு ஏறுகிறது. அந்த உப்பைத் தாங்கும் செடி என்பதால் உமிரி வருகிறது. அதைப் பிடுங்கினால் உப்பு குறையாது. மிதந்து வரும் கண்டா என்கிற அலையாத்தி மரத்தின் விதைகள் தங்குவதற்கு இருந்த பிடிமானமும் போய்விடும்.

சுரபுன்னையை ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? நீளமான விதைக்குச்சியைச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, வரிசையாகப் படமும் எடுக்கலாம். ஆனால் அது தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரையில் வளரும் மரம். உப்புப் பள்ளத்தில் கருகிவிடும். முத்துப்பேட்டைக் காடு பெரும்பாலும் கண்டா மரக் காடுதான்.

பட்டதாகத் தெரியும் கண்டா மரங்களையும் விறகுக்கு விட்டுவிடாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கிளையெல்லாம் முறிந்த கண்டா மரமும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். ஒரு பக்கம் காய்ந்திருந்தால் மறுபக்கமும் சுரண்டுங்கள், அடியிலும் பாருங்கள். சுரபுன்னைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, முழுதாக இலையிழந்து கிளை முறிந்தால் பெரும்பாலும் போய்விடும். கண்டா அப்படியல்ல. இது தெரியாமல் உயிருள்ள மரங்களை வெட்டி ஏற்றிவிடுகிறார்கள்.

அப்புறம், ஓதம் (கடல் நீர்மட்ட ஏற்றம்) இறங்கியதும் போய்ப் பாருங்கள். தண்ணீர் வடிகிறதா? வடிந்தால், பக்கத்தில் காய்க்கும் கண்டா மரங்கள் இருக்கும்வரை விதை தானே வரும், காத்திருங்கள். தேங்கினால் வாய்க்கால்தான் வழி. பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் காலம் முதல் மொட்டையாக வெட்டப்பட்டு இப்படி உட்கார்ந்துபோன நிலத்தில், 1990களில் மீன்முள் வடிவ வாய்க்கால் (நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள்) வெட்டி, நீரோட்டம் வந்தபின் நட்டார்கள். காடு திரும்பியது.

இது காப்புக்காடு, நீங்களாக மண்வெட்டியை எடுக்காதீர்கள். கிராமசபைத் தீர்மானத்தோடு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நட்ட கன்றுக்குக் கணக்கு எழுதுகிற திட்டங்களில், வாய்க்கால் தூர்வாரப் பெரும்பாலும் பணம் ஒதுக்குவதில்லை. தூர்ந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் மறுபடி கன்று நடுகிற இந்தக் கூத்தை எத்தனை காலம் பார்ப்பது? அதனால் மனுவில் கன்று கேட்காதீர்கள், வாய்க்காலும் அதற்கான பராமரிப்பும் கேளுங்கள்.